லைன் கிடைத்த பிறகுதான் பேச்சு

கரண்ட் போன இரவுகளில் நானும் அண்ணனும் மொட்டை மாடியில் டார்ச் லைட்டால் கத்திச் சண்டை போடுவோம். எதிரெதிரே நின்று ஒளிக்கற்றையை வாள்போல் சுழற்றுவோம். பக்கத்து வீட்டு அடுப்புப் புகை வந்தால் கற்றை இன்னும் பளிச்சென்று தெரியும். ஆனால் சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை. அவனுடைய கற்றை என்னுடையதன் ஊடே புகுந்து போகும். இரண்டுக்கும் ஒரு கீறல்கூட விழாது. இரண்டு ரப்பர் குழாய்களை எதிரெதிரே பிடித்தால் தண்ணீர் மோதித் தெறிக்கிறது. ஒளி மட்டும் ஏன் மோதுவதில்லை?

சின்னப் பிள்ளைக் கேள்விதான். ஆனால் ஒளியை வைத்துக் கணினி கட்ட நினைத்தவர்களைப் பல ஆண்டுகள் தூங்கவிடாமல் செய்ததும் இதே கேள்விதான்.

ஒளிக்கு மின்னூட்டம் கிடையாது. அதனால் ஒரு ஒளி இன்னொரு ஒளியைக் கண்டுகொள்வதில்லை. (செர்ன் ஆய்வகத்தில் மிகப்பெரிய ஆற்றலில் ஒளி ஒளியைச் சிதறடித்ததற்கான சான்று 2017இல் வெளியானது. வீட்டு டார்ச்சுக்கு அது பொருந்தாது.) இந்தக் குணம் இல்லையென்றால் நமக்குக் கண் இருந்தும் பயனில்லை. நீங்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது, சன்னல், சுவர், விளக்கு என்று எல்லா இடத்திலிருந்தும் கிளம்பும் ஒளி உங்கள் கண்ணுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அவை முட்டிக்கொண்டால் எழுத்து கண்ணுக்கு வந்து சேராது. முடியளவு கண்ணாடி இழைக்குள் பல நிற லேசர்கள் ஆளுக்கொரு செய்தியைச் சுமந்துகொண்டு கலக்காமல் ஓடுவதும் இதனால்தான்.

செய்தி சுமக்க இதைவிட நல்ல ஆள் கிடையாது. கணக்குப் போட இதைவிட மோசமான ஆளும் கிடையாது.

கணக்கு என்றால் குறுக்கீடு

கணினி அடிமட்டத்தில் செய்யும் வேலை ஒன்றுதான்: ‘அவன் இப்படி இருந்தால் நீ மாறு, இல்லாவிட்டால் சும்மா இரு.’ டிரான்சிஸ்டரில் ஒரு முனையின் மின்னழுத்தம் இன்னொரு பாதையின் மின்னோட்டத்தைத் திறக்கிறது, மூடுகிறது. ஒருவர் விஷயத்தில் இன்னொருவர் தலையிடாமல் கணக்கு நடக்காது.

குவாண்டம் கணினிக்கும் இதே விதிதான். அங்கே பிட்டுக்குப் பதில் க்யூபிட். 0, 1 என்ற இரண்டு சாத்தியங்களையும் ஒரே நேரத்தில் கைவிடாமல் வைத்திருக்கும் அலகு அது. ‘முதல் க்யூபிட் 1 என்றால் இரண்டாவதைத் திருப்பு’ என்ற ஒரு செயலும், தனித்தனி க்யூபிட்டைத் திருப்பும் சில செயல்களும் இருந்தால் எந்தக் குவாண்டம் கணக்கையும் கட்டிவிடலாம். ஒளியின் துகளான ஃபோட்டானை இனி ஒளியன் என்றே அழைப்போம். ஒரு ஒளியனைத் திருப்ப ஒரு கண்ணாடித் தகடு போதும். ஆனால் ஒரு ஒளியனால் இன்னொன்றை எப்படித் திருப்புவது? டார்ச் சண்டையின் கதைதான்.

விடை, நாம் தினமும் பார்க்கும் ஒரு பொருளில் இருந்தது.

பேருந்துக் கண்ணாடி

இரவுப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணாடியில் உங்கள் முகம் தெரியும். அதே கண்ணாடி வழியே வெளியே டீக்கடையும் தெரியும். கண்ணாடியில் விழும் ஒளியில் ஒரு பங்கு ஊடுருவுகிறது, ஒரு பங்கு திரும்புகிறது. சாதாரணக் கண்ணாடியின் ஒரு பரப்பு நூற்றுக்குச் சுமார் நான்கு பங்கைத்தான் திருப்பும். அதன்மேல் தக்க பூச்சுப் பூசி, சரிபாதி திரும்பவும் சரிபாதி ஊடுருவவும் செய்யலாம். ஒளியியல் ஆய்வகங்களில் கிடைக்கும் இந்தப் பொருளைப் ‘பாதிக்கண்ணாடி’ என்போம்.

இதன்மேல் ஒரே ஒரு ஒளியனை அனுப்பினால் என்ன ஆகும்? ஒளியன் பாதியாக உடையாது. இரண்டு பக்கமும் உணரிகள் வைத்தால் ஏதோ ஒன்றில்தான் ‘டிக்’ கேட்கும். எதில் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உணரியில் விழும்வரை அது எந்தப் பக்கம் போனது என்ற கேள்விக்கு விடையே இல்லை. இரண்டு வழிகளும் திறந்தே இருக்கின்றன.

இப்படித் திறந்திருக்கும் வழிகளைக் கணக்கிட இயற்கை ஒரு முறை வைத்திருக்கிறது. மளிகைக்கடைப் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வழிக்கும் ஒரு தொகை உண்டு. அது வரவாகவும் இருக்கலாம், செலவாகவும் இருக்கலாம். இரண்டு வழிகள் ஒரே முடிவில் போய் நின்றால், எந்த வழியாக வந்தது என்று எவராலும் எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்க முடியாதபடி நின்றால், அவற்றை ஒரே பேரேட்டில் எழுத வேண்டும். வரவும் செலவும் நேர்செய்துகொள்ளும். முடிவில் சின்ன வித்தியாசம் இருந்தால்கூடத் தனித்தனிப் பேரேடு. நேர்செய்யும் பேச்சே இல்லை. இந்த அத்தியாயத்தில் நடக்கும் அதிசயம் அனைத்தும் இந்த ஒரு கணக்கு வழக்கத்திலிருந்து வருவதுதான்.

இரண்டு ஒளியன்கள், நான்கு வழிகள்

இப்போது பாதிக்கண்ணாடியை மேசைமேல் படுக்கவைத்தாற்போல் பிடியுங்கள். மேலிருந்து சாய்வாக ஒரு ஒளியன், கீழிருந்து சாய்வாக இன்னொன்று. இரண்டும் அச்சில் வார்த்தாற்போல் ஒரே மாதிரி. ஒரே கணத்தில், ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. கண்ணாடிக்கு மேலே ஒரு உணரி, கீழே ஒரு உணரி.

என்னென்ன நடக்கலாம்? மேலது திரும்பி மேலேயே போக, கீழது ஊடுருவி அதனுடன் சேரலாம்: இரண்டும் மேலே. அல்லது இரண்டும் கீழே. அல்லது இரண்டுமே ஊடுருவலாம்: மேலது கீழே, கீழது மேலே. அல்லது இரண்டுமே திரும்பலாம்: மேலது மேலே, கீழது கீழே.

நாணயம் சுண்டும் புத்தியில் பார்த்தால் நான்குக்கும் சம வாய்ப்பு. பாதி நேரம் இரண்டு உணரிகளிலும் ஆளுக்கொரு டிக் கேட்க வேண்டும். கடைசி இரண்டு வழிகளை மட்டும் இன்னொரு தரம் பாருங்கள். இரண்டும் ஊடுருவினாலும் மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் திரும்பினாலும் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒளியன்களுக்குப் பெயர்ச்சீட்டு இல்லை. ‘மேலே டிக் அடித்தது எந்த ஒளியன்?’ என்ற கேள்விக்கே பொருளில்லை. ஆக முடிவு ஒன்று, பேரேடு ஒன்று.

இனித் தொகையைப் போடுவோம். ஊடுருவினால் எப்போதும் வரவு. திரும்புவதில்தான் ஒரு நுணுக்கம்: கண்ணாடியின் ஒரு பக்கத்தில் பட்டுத் திரும்பும்போது அலை தலைகீழாகும், மறுபக்கத்தில் ஆகாது. எனவே ஒரு பக்கத் திருப்பம் வரவு, மறுபக்கத் திருப்பம் செலவு. இரண்டும் ஊடுருவும் வழி, வரவு பெருக்கல் வரவு, அதாவது வரவு. இரண்டும் திரும்பும் வழி, வரவு பெருக்கல் செலவு, அதாவது செலவு. ஒரே பேரேட்டில் சம அளவு வரவும் செலவும். மிச்சம் பூஜ்யம்.

அதாவது ஆளுக்கொரு பக்கம் பிரிவது என்பது நடக்கவே நடக்காது. இரண்டும் மேலே, அல்லது இரண்டும் கீழே. பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒன்றையொன்று தொடாத, ஒன்றையொன்று அறியாத இரண்டு ஒளியன்கள், கண்ணாடியைத் தாண்டும்போது கைகோத்துக்கொண்டு ஒரே வாசலில் வெளியேறுகின்றன.

1987இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹாங், ஓ, மாண்டல் என்ற மூவர் இதை நேரில் பார்த்தார்கள். புறஊதா லேசரைப் படிகத்தில் செலுத்தி இரட்டை ஒளியன்களை எடுத்து, பாதிக்கண்ணாடியை மைக்ரோமீட்டர் மைக்ரோமீட்டராக நகர்த்தினார்கள். ஒன்று முந்தி ஒன்று பிந்தி வரும்வரை இரு பக்க டிக்குகள் வழக்கம்போல் கேட்டன. வந்து சேரும் நேரமும் ஒரு பெயர்ச்சீட்டுதானே! இரண்டு நேரமும் பொருந்திய இடத்தில் அந்த எண்ணிக்கை ஒரே சரிவாகச் சரிந்து, ஏறக்குறைய அற்றுப்போனது. அவர்கள் தேடியது அதிசயத்தை அல்ல. ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான கால இடைவெளியை அளக்கும் உத்தியைத்தான். ஒளியன்களுக்குப் பெயர்ச்சீட்டு இல்லை என்பதைக் கணக்கில் எடுத்து ஒளியை முதலில் எண்ணியவர் டாக்காவில் இருந்த சத்யேந்திரநாத் போஸ். ஆண்டு 1924. அவர் எண்ணிக் காட்டியதைத்தான் ராச்செஸ்டர் கண்ணாடி டிக் டிக்கென்று சொன்னது.

பதினாறில் ஒன்று

மோதாமலே மோதியதன் பலன் கிடைக்கிறதென்றால், அதை வைத்துக் கணக்குப் போடலாமே? 2001இல் எமானுவேல் நில், ரேமண்ட் லஃப்லாம், ஜெரார்ட் மில்பர்ன் மூவரும் ‘போடலாம்’ என்று நிறுவினார்கள். ஒளியன்களைத் தனித்தனியே தரும் மூலம், கண்ணாடிகள், உணரிகள், உணரியில் கேட்டதற்கு ஏற்ப மேற்கொண்டு செய்வதை மாற்றும் ஏற்பாடு, இவ்வளவும் போதும். ஒளி ஒளியைப் பாதிக்காத இந்த எளிய சாதனங்களின் துறைக்கு நேரியல் ஒளியியல் என்று பெயர்.

உத்தி இது: கணக்கில் உள்ள இரண்டு ஒளியன்களோடு சில உதவி ஒளியன்களைச் சேர்த்துப் பாதிக்கண்ணாடிகளில் கலக்கவிடுங்கள். பிறகு உதவியாளர்களை மட்டும் உணரியில் பிடியுங்கள். குறிப்பிட்ட விதத்தில் டிக் கேட்டால், மற்ற இரண்டுக்கும் இடையே தேவையான குறுக்கீடு நடந்துவிட்டது என்று பொருள். வேறு விதமாகக் கேட்டால் கணக்கு கெட்டது.

அவர்கள் தந்த அடிப்படை அமைப்பில் இது பலிக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. பத்துக் குறுக்கீடுகள் வரிசையாகத் தேவைப்பட்டால்? பதினாறைப் பத்து முறை பெருக்குங்கள். ஒரு லட்சம் கோடிக்கும் மேலான முயற்சிகளில் ஒன்றுதான் தேறும். இந்த இடத்தில் கடையை மூடிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மூவரும் ஒரு படி மேலே போனார்கள். அந்தப் படியைப் புரிந்துகொள்ள, அந்தக் காலத்துத் தந்தி ஆபீஸுக்குப் போக வேண்டும்.

ட்ரங்க் கால்

வெளியூருக்குப் போன் பேச ட்ரங்க் கால் புக் செய்த தலைமுறைக்கு இது சட்டென்று பிடிபடும். எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் முயன்றுகொண்டே இருப்பார். லைன் கிடைக்காது, பாதியில் அறுந்துவிடும், மறுபடி போடுவார். இத்தனை தோல்வியிலும் நம் பேச்சில் ஒரு சொல்லும் வீணாவதில்லை. நாம் இன்னும் வாயே திறக்கவில்லை. லைன் கிடைத்ததும் நம்மைக் கூப்பிடுவார். அப்புறம்தான் ‘ஹலோ.’

தோற்கக்கூடிய வேலையை வெற்று ஒளியன்களில் முதலில் செய்துகொள். அது பலித்த பிறகு உண்மையான க்யூபிட்டை அதில் ஏற்று. மூவர் செய்தது இதுதான். ஒரே கணினிப் பெட்டிக்குள் இது வசதி. இரண்டு பெட்டிகளை இணைக்க வேண்டுமென்றாலோ இதை விட்டால் வழியே இல்லை.

ஏன் இணைக்க வேண்டும்? மின்புலத்தால் பிடித்துவைத்த அயனிகளை க்யூபிட்டாக்கும் கணினிகளில், ஒரு வரிசையில் அயனிகள் கூடக் கூட ஒன்றின் நடுக்கம் மற்றதைத் தொல்லை செய்கிறது. பெட்டியைப் பெரிதாக்குவதைவிடச் சின்னப் பெட்டிகள் பலவற்றைக் கோப்பது லாபம். இதுவே பகிர்ந்த குவாண்டம் கணினி. ஆனால் க்யூபிட்டை ஒளியனில் ஏற்றி அடுத்த பெட்டிக்கு அனுப்புவது சூதாட்டம். நல்ல தொலைத்தொடர்பு இழையே ஒரு கிலோமீட்டருக்கு நூற்றுக்கு நாலைந்து ஒளியனை விழுங்கிவிடும். நூறு கிலோமீட்டர் தாண்டினால் நூற்றில் ஒன்றுதான் மிச்சம். சாதாரணச் செய்தியென்றால் நகல் எடுத்துத் திரும்ப அனுப்பலாம். அறியாத க்யூபிட்டை நகலெடுக்கவே முடியாது என்று 1982இல் நிறுவியாகிவிட்டது. போனால் போனதுதான்.

ஆகவே வெற்று லைன் முதலில்.

இரண்டு மீட்டர் தூரத்தில் ஒரு கணக்கு

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் லூக்காஸ் குழு 2025 பிப்ரவரியில் வெளியிட்ட சோதனையைக் கிட்டத்தில் பார்ப்போம். சுமார் இரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கால்சியம் அயனி, ஒரு ஸ்ட்ரான்ஷியம் அயனி. கால்சியம்தான் கணக்குப் பிள்ளை, க்யூபிட்டை வைத்திருப்பவர். ஸ்ட்ரான்ஷியம் ஆபரேட்டர், லைன் போடுவது மட்டுமே அவர் வேலை.

லேசர் துடிப்பு ஒன்று பட்டதும் ஒவ்வொரு ஸ்ட்ரான்ஷியமும் ஒரு ஒளியனைக் கக்குகிறது. ஒளியன் அதிரும் திசை கிடையா நெட்டா என்பது அயனியின் நிலையோடு சேர்த்து முடிச்சிடப்பட்டிருக்கிறது: கிடை என்றால் அயனி 0, நெட்டு என்றால் 1. இரண்டும் திறந்தே இருக்கின்றன. இரண்டு பெட்டிகளிலிருந்தும் ஒளியன்கள் இழை வழியே வந்து நடுவில் ஒரு பாதிக்கண்ணாடியில் சந்திக்கின்றன. ராச்செஸ்டர் கண்ணாடிதான்.

இரண்டு பக்கமும் ஆளுக்கொரு டிக் கேட்டால் என்ன அர்த்தம்? ஒரே மாதிரி ஒளியன்கள் ஒருபோதும் பிரியாது என்று பார்த்தோம். இவை பிரிந்துவிட்டன. எனவே ஒரே மாதிரி இல்லை. ஒன்று கிடை, ஒன்று நெட்டு. கிடை எந்தப் பெட்டியிலிருந்து வந்தது? அந்த விவரத்தைப் பாதிக்கண்ணாடி அழித்துவிட்டது. உலகத்தில் எங்கும் அதற்குப் பதிவு இல்லை. ‘இது 0, அது 1’, ‘இது 1, அது 0’ ஆகிய இரண்டு வழிகளும் ஒரே பேரேட்டில். நம்மிடம் இல்லாமல்போன அந்த ஒரு விவரம், இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு அயனிகளுக்கு இடையே குவாண்டம் பிணைப்பாக மாறி நிற்கிறது. இரண்டு உறையில் சிவப்புச் சீட்டும் நீலச் சீட்டும் போட்டுக் குலுக்கி அனுப்பியதைப் போன்றதல்ல இது. சீட்டின் நிறம் முன்பே முடிவானது. இங்கே எந்தக் கோணத்தில் கேள்வி கேட்டாலும் இரண்டு அயனிகளின் விடைகளும் ஒன்றோடொன்று பொருந்தும், எதுவும் முன்பே முடிவாகவில்லை என்றாலும்.

பெரும்பாலான முயற்சிகளில் ஒளியன் வழியிலேயே தொலையும். ஆயிரக்கணக்கில் முயன்றால் ஒன்று பலிக்கும். நொடிக்குச் சுமார் பத்து லைன் கிடைத்தது. அதுவரை கால்சியம் தன் க்யூபிட்டோடு பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. டிக் கேட்டதும் இரண்டு பெட்டிகளிலும் கால்சியம் தன் ஸ்ட்ரான்ஷியத்தோடு உள்ளூரில் குறுக்கிடுகிறது. பிறகு ஸ்ட்ரான்ஷியங்களை அளக்கிறார்கள். பெட்டிக்கு ஒரு பிட் விடை வரும். அந்த இரண்டு பிட்டையும் சாதாரணக் கம்பியில் மாற்றிக்கொண்டு, அதற்கேற்பக் கால்சியங்களைச் சற்றுத் திருத்தினால் வேலை முடிந்தது: இரண்டு கால்சியங்களும் ஒன்றையொன்று தொட்டுக் குறுக்கிட்டதைப் போன்ற நிலைக்கு வந்துவிடும். க்யூபிட் எதுவும் இழை வழியே போகவில்லை.

இதற்குக் ‘குவாண்டம் டெலிபோர்ட்டேஷன்’ என்று பெயர் வைத்தது என்னைக் கேட்டால் பாதி நன்மை, பாதி கெடுதி. செய்தித்தாள்கள் ஏதோ பொருள் மறைந்து வேறிடத்தில் முளைத்ததுபோல் எழுதின. மறையவும் இல்லை, ஒளியை முந்தவும் இல்லை. அந்த இரண்டு பிட் கம்பியில் வந்து சேரும்வரை கணக்கு முடியாது.

எண்பத்தாறு போதுமா

எந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள்? தில்லி ஐஐடியில் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த லவ் குரோவர் 1996இல் தந்த தேடல் முறையை. நான்கு டப்பாக்களில் ஒன்றில் பொருள் இருக்கிறது. நீங்களும் நானும் ஒரு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, இல்லையென்றால் மற்ற மூன்றில் ஒன்றை ஊகித்தால், பாதி நேரம் சரியாகச் சொல்வோம். குரோவர் முறையில் ஒரே ஒரு விசாரிப்பில் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்லலாம், கருவி பழுதில்லாமல் இருந்தால். ஆக்ஸ்ஃபோர்டில் நூற்றுக்கு 71 முறை சரியாக வந்தது. இரண்டு பெட்டிகளிலும் பிரிந்து கிடந்த க்யூபிட்டுகள் சேர்ந்து போட்ட கணக்கு அது.

தூரக் குறுக்கீட்டின் தரம் 86 சதவீதம். பரீட்சையில் நல்ல மார்க். கணினியில் தேறாத மார்க். பத்துக் குறுக்கீடுகளைக் கோத்தால் பிழையின்றி முடியும் வாய்ப்பு 22 சதவீதத்துக்கு இறங்கிவிடும். உருப்படியான கணக்குகளுக்குப் பத்து எங்கே, கோடிக்கணக்கில் வேண்டும். அயனியே இல்லாமல் முழுக்க ஒளியிலேயே கட்டுவோம் என்பவர்களும் இருக்கிறார்கள். கனடாவின் சனாடு நிறுவனம் 2025 ஜனவரியில் நான்கு அடுக்குப் பெட்டிகள், 35 ஒளிச் சில்லுகள், 13 கிலோமீட்டர் இழை கொண்ட அரோரா என்ற இயந்திரத்தைக் காட்டியது. அவர்களையும் வாட்டுவது அதே பழைய நோய்: வழியில் தொலையும் ஒளி.

ஆக்ஸ்ஃபோர்டின் ஸ்ட்ரான்ஷியம் கக்கும் ஒளி நீலத்தை ஒட்டியது. இழைக்குள் சீக்கிரம் செத்துவிடும். ஊர்விட்டு ஊர் போக வேண்டுமென்றால் அதைத் தொலைத்தொடர்பு இழைகளுக்கு ஏற்ற அகச்சிவப்பாக மாற்ற வேண்டும், அதுவும் ஒளியன் சுமக்கும் முடிச்சு அவிழாமல். அந்த வேலை பல ஆய்வகங்களில் நடக்கிறது. அந்த 2025 சோதனையின் நிலவரம் இவ்வளவுதான்: தூரம் இரண்டு மீட்டர். லைன் கிடைக்கிறது. இரைச்சல் அதிகம்.